குடிப்பவரின் நாவுக்கேற்ற வீட்டு பீர்: செய்முறையை வடிவமைப்பது எப்படி?

வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர், பெயரும் படமும் கவர்ந்த மால்ட்டையும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஹாப்ஸையும் (கசப்பும் மணமும் தரும் பூ) முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, அதன் பிறகே அதை யார் குடிக்கப்போகிறார் என்று யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். யாருக்காகக் காய்ச்சுகிறோமோ அவர் எதை விரும்புகிறார், எதை ஒதுக்குகிறார், எந்த நேரத்தில், எந்தச் சாப்பாட்டோடு, எவ்வளவு குளிர்ச்சியாகக் குடிக்கிறார் என்பதெல்லாம் தெளிவான பிறகு மூலப்பொருள்கள் தாமாகவே முடிவாகிவிடும். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டத்து டவுனில், மால்ட்டைக் கோலாலம்பூரிலிருந்து தபாலில் வரவழைத்து, முப்பது பாகை வெயிலில், ஒரே பெரிய அலுமினியப் பானையில் பத்து லிட்டர் காய்ச்சும் ஒருவரை மனத்தில் வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

அடுப்பு மூட்டுவதற்கு முன் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். மலேசியாவில் மதுபானத் தயாரிப்பு 1976ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி உரிமத்துக்கு உட்பட்டது. அதை நடைமுறைப்படுத்துவது அரச மலேசியச் சுங்கத்துறை. ஆகவே, காய்ச்ச எண்ணுபவர் அருகிலுள்ள சுங்க அலுவலகத்தில் விளக்கம் கேட்டு, தேவையான அனுமதியைப் பெற்ற பிறகே தொடங்க வேண்டும். மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 2017 டிசம்பர் முதல் 21. வீட்டில் ஊற்றிக் கொடுப்பவரும் அதே எல்லையைக் கடைப்பிடிப்பது முறை. நொதித்ததைக் காய்ச்சி வடிக்கும் எண்ணம் மட்டும் யாருக்கும் வரவே கூடாது. மலிவுச் சம்சு சாராயம் தோட்டத்துக் குடும்பங்களை என்ன செய்தது என்பதை நம் பெற்றோர் கண்ணாரக் கண்டார்கள். 2018இல் மெத்தனால் கலந்த போலி மதுவால் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பலர் உயிரிழந்ததை நாமே பார்த்தோம்.

நாவை அறிதல்

"உங்களுக்கு எந்த மாதிரி பீர் பிடிக்கும்?" என்று நேரடியாகக் கேட்டால் பயனுள்ள பதில் கிடைப்பதில்லை. "நல்லா கிக்காக இருக்கணும்" என்பார் ஒருவர். "கசக்கக் கூடாது" என்பார் மற்றொருவர். மாறாக, அவர் அன்றாடம் உட்கொள்ளும் மற்றவற்றைக் கவனியுங்கள். கோப்பிக்கடையில் பால் சேர்க்காத கோப்பி-ஓவைச் சர்க்கரையே இல்லாமல் குடிப்பவருக்கு வறுத்த தானியத்தின் கசப்பு உறுத்தாது. பாகற்காயைப் பிழியாமல் வதக்கி ரசித்துச் சாப்பிடுபவர் ஹாப்ஸின் பச்சைக் கசப்பையும் தாங்குவார். இவை இரண்டும் வேறு வேறு கசப்புகள். ஒன்றை விரும்புபவர் மற்றதையும் விரும்புவார் என்று எண்ணக் கூடாது. அசாம் போய் (உப்பிட்டு உலர்த்திய புளிப்புப் பழம்) போட்ட எலுமிச்சைச் சாற்றைத் தேடிக் குடிப்பவருக்குப் புளிப்பும் நறுமணமும் கொண்ட இலேசான கோதுமை பீர் பொருந்தும். மைலோவைக் கெட்டியாகக் கலக்கிக் குடிப்பவர் வாயை நிரப்பும் கனத்தை நாடுகிறார். அவருக்கு ஓட்ஸ் உதவும்.

இதை உறுதிப்படுத்த ஒரு சிறு சோதனை போதும். கடையில் விற்கும் வெளிர்நிற லாகர் பீர் ஒரு டின்னும் கருநிற ஸ்டவுட் பீர் ஒரு டின்னும் வாங்கி, இரண்டையும் நான்கு சிறிய குவளைகளில் வெவ்வேறு விகிதத்தில் கலந்து வையுங்கள்: முழு லாகர், மூன்றுக்கு ஒன்று, சரிபாதி, முழு ஸ்டவுட். எது எதுவென்று சொல்லாமல் கொடுங்கள். நிறமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் வெளிச்சம் குறைந்த இடமாகவோ, பீங்கான் கோப்பைகளாகவோ இருக்கட்டும். என் தாய்மாமா ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்). ஆயுள் முழுக்க ஸ்டவுட் தவிர வேறெதையும் தொட மாட்டேன் என்று சொல்லி வந்தவர். அவர் மூன்றாவது கோப்பையை இரண்டு முறை வாங்கி மோந்து பார்த்து, "தம்பி, இதுதான்டா சரி, மத்தது தொண்டையைப் பிடிக்குது" என்றார். அது சரிபாதிக் கலவை. அவருக்குப் பிடித்திருந்தது வறுத்த வாசனை. முழு ஸ்டவுட்டின் கரகரப்பு அன்று. இந்த ஒரு தகவல் செய்முறையில் வறுத்த பார்லியின் அளவையே பாதியாக்கிவிடுகிறது.

அடுத்துக் கேட்க வேண்டியதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: அவர் ஐஸ் போட்டுக் குடிப்பவரா? மேல்நாட்டுச் செய்முறைகள் பெரும்பாலும் இதைக் கணக்கில் கொள்வதில்லை. நம் ஊரிலோ பெரிய போத்தலைத் திறந்து ஐஸ் கட்டி நிறைந்த குவளையில் ஊற்றுவதே வழக்கம். குவளையில் ஐந்தில் ஒரு பங்கு உருகிய நீராகிவிடுமானால், 5 விழுக்காட்டு பீர் 4 விழுக்காடாகிறது, கசப்பும் அதே அளவு இறங்குகிறது, வாயுவும் வெளியேறிவிடுகிறது. ஐஸ் விரும்புபவருக்குக் காய்ச்சுகையில், நீங்கள் இலக்காக வைக்கும் மதுச்சாரத்தையும் கசப்பையும் 0.8ஆல் வகுத்து உயர்த்திக்கொள்ளுங்கள். வாயுவையும் சற்றுக் கூட்டுங்கள். ஐஸ் போடாதே என்று ஒரு பெரியவரிடம் சொல்லி வாதாடுவதைவிட இது எளிது. கடுங்குளிர்ச்சி இனிப்பையும் நறுமணத்தையும் மங்கச் செய்யும் என்பதால், மிகக் குளிராகக் குடிப்பவருக்கு நுட்பமான ஹாப்ஸ் மணத்துக்காகச் செலவு செய்வதும் வீண்.

நாவிலிருந்து எண்களுக்கு

இப்போது கிடைத்த தகவலை நான்கு எண்களாக மாற்ற வேண்டும்: தொடக்க அடர்த்தி, முடிவு அடர்த்தி, கசப்பு, நிறம். தொடக்க அடர்த்தி என்பது நொதிப்பதற்கு முன் மால்ட் சாற்றில் எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்பதை ஹைட்ரோமீட்டர் காட்டும் எண். நீர் 1.000; சாதாரண பீருக்கான சாறு 1.045 முதல் 1.055 வரை. நொதித்து முடிந்த பின் மிஞ்சுவது முடிவு அடர்த்தி. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து 131.25ஆல் பெருக்கினால் மதுச்சாரத்தின் விழுக்காடு ஏறத்தாழக் கிடைக்கும்: 1.048இல் தொடங்கி 1.012இல் நின்றால் 4.7 விழுக்காடு. முடிவு அடர்த்தி 1.008ஐ ஒட்டி இருந்தால் பீர் இனிப்பு தங்காமல் வறட்சியாகவும், 1.016ஐ ஒட்டி இருந்தால் கனமாகவும் இனிப்பு தங்கியதாகவும் இருக்கும். பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 பாகைக்கு அளவிடப்பட்டவை. நம் வீட்டு வெப்பத்தில், 30 பாகையில் எடுக்கும் அளவு 0.002 முதல் 0.003 வரை குறைத்துக் காட்டும் என்பதால் அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கசப்பு ஐ.பி.யு. (பன்னாட்டுக் கசப்பு அலகு) என்னும் அலகில் அளக்கப்படுகிறது. தனி எண்ணாக அது அதிகம் சொல்வதில்லை. அடர்த்தியோடு சேர்த்துப் பார்த்தால்தான் பொருள்படும். கசப்பு எண்ணை அடர்த்தியின் கடைசி இரண்டு இலக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 1.050 அடர்த்திக்கு 25 ஐ.பி.யு. என்றால் விகிதம் 0.5, இது பலருக்கும் சமனாகத் தோன்றும். 0.3 என்றால் கசப்பு பின்வாங்கிவிடும். 0.8ஐத் தாண்டினால் கசப்பே முன்னால் நிற்கும். கசப்பு வேண்டாம் என்பவருக்கு 0.3இலும், பாகற்காய்ப் பிரியருக்கு 0.7இலும் தொடங்குங்கள். நிறத்தை நான் கடைசியாகவே பார்ப்பேன். கண்ணை ஏமாற்றலாம், நாக்கை ஏமாற்ற முடியாது.

மால்ட்டின் அளவைக் கணக்கிடுவது கடினமன்று. துணிப்பையில் மால்ட்டைக் கட்டி ஒரே பானையில் ஊறவைக்கும் முறையில், ஒரு கிலோ மால்ட் ஒரு லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 210 அடர்த்திப் புள்ளிகள் (1.048 என்றால் 48 புள்ளிகள்) தரும் என்று கொள்ளலாம். பத்து லிட்டர் 1.048 வேண்டுமானால் 48ஐப் பத்தால் பெருக்கி 480. அதை 210ஆல் வகுத்தால் 2.3 கிலோ. ஊறவைக்கும் வசதி இல்லாதவர், உலர்ந்த மால்ட் சாற்றுத் தூளைப் பயன்படுத்தினால் அதே இலக்குக்கு 1.3 கிலோ போதும். செலவு கூடும், நேரம் மிச்சமாகும்.

ஹாப்ஸுக்கு இப்படிக் கணக்கிடுங்கள்: வேண்டிய ஐ.பி.யு.வை லிட்டரால் பெருக்கி, அதை ஹாப்ஸ் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் ஆல்ஃபா அமில (கசப்பைத் தரும் அமிலம்) விழுக்காடு, பத்து, 0.23 ஆகிய மூன்றின் பெருக்குத்தொகையால் வகுத்தால் கிராம் கிடைக்கும். 0.23 என்பது ஒரு மணி நேரம் கொதிக்கும் ஹாப்ஸிலிருந்து சாற்றில் தங்கும் பங்கு. பதினைந்து நிமிடம் மட்டும் கொதித்தால் அதில் பாதியளவே தங்கும். 10 விழுக்காட்டு ஹாப்ஸ் 11 கிராம், பத்து லிட்டரில் 25 ஐ.பி.யு. தருவது இப்படித்தான். மீதமுள்ள ஹாப்ஸைக் காற்றுப் புகாமல் கட்டி உறைபெட்டியில் வையுங்கள். சமையலறை அலமாரியில் விட்டால் சில வாரங்களில் பழைய பாலாடைக்கட்டி வாடை வந்துவிடும். அரைத்த மால்ட்டும் நம் ஈரக்காற்றில் விரைவில் நமத்துப்போகும் என்பதால், வந்த வாரத்திலேயே காய்ச்சிவிடுவது நல்லது.

மால்ட்டை ஊறவைக்கும் வெப்பம் ஒரு கைப்பிடி மால்ட்டைவிட அதிகமாகச் சுவையை மாற்றும். 64 பாகையில் ஒரு மணி நேரம் ஊறினால், ஈஸ்ட் எளிதில் தின்னக்கூடிய சர்க்கரைகள் மிகுந்து பீர் வறண்டு முடியும். 68 பாகையில் ஊறினால் தின்ன முடியாத நீள்சர்க்கரைகள் தங்கி, பீரின் உடல் வாயில் கனக்கும். ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு குடிக்க வறட்சி நல்லது. சாப்பாட்டுக்குப் பின் தனியாகக் குடிக்கக் கனம் நல்லது. பானையைக் கம்பளியால் சுற்றி வைத்தால் வெப்பம் இறங்காது.

இனிப்பு விரும்புபவருக்காகக் குலா மலாக்காவை (தென்னை வெல்லம்) அள்ளிப் போடுபவர்கள் ஏமாறுவார்கள். அது பெரும்பாலும் சாதாரணச் சர்க்கரையே; ஈஸ்ட் அதை முழுவதுமாக நொதித்துவிடும்; இனிப்பு போய், மதுச்சாரம் ஏறி, உடல் மெலிந்த பீர்தான் மிஞ்சும். புகையும் கருகலும் கலந்த அதன் வாசனைக்காக மட்டும் கொஞ்சம் சேர்க்கலாம். உண்மையான இனிப்பு நிலைக்க வேண்டுமானால் இனிப்பு தங்கும்படி வறுத்த கிரிஸ்டல் மால்ட் வேண்டும், அல்லது ஈஸ்ட்டால் நொதிக்க முடியாத பால் சர்க்கரையான லாக்டோஸ் வேண்டும். பத்து லிட்டருக்கு 250 கிராம் தாராளம். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் நம்மில் ஏராளம் என்பதால், லாக்டோஸ் சேர்ப்பதற்கு முன் குடிப்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

வெயிலும் ஈஸ்ட்டும்

நம் டவுனில் செய்முறையைத் தீர்மானிக்கும் உண்மையான எஜமான் வெப்பம்தான். பகலில் வீட்டுக்குள் 30 பாகை. நொதிக்கும் சாறு தன் சூட்டால் மேலும் சில பாகை ஏறும். மிதமான வெப்பத்தில் வேலை செய்யும் சாதாரண ஏல் வகை ஈஸ்ட்டை இந்தச் சூட்டில் விட்டால் தொண்டையைச் சுடும் கனமான மதுச்சாரங்களும் அளவு மீறிய பழ வாசனையும் பிறக்கும். மறுநாள் தலைவலிக்குப் பலர் குற்றம் சாட்டுவதும் இதைத்தான். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பழைய குளிர்பெட்டி ஒன்றை வாங்கி, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் சிறு மின்கருவியைப் பொருத்தி, 19, 20 பாகையில் நிறுத்துவது. லாகர் வேண்டுமென்றால் அதைவிடக் குறைந்த வெப்பம் வேண்டும். குளிர்பெட்டி இல்லாதவர் லாகரை மறந்துவிடுவதே மேல்.

இரண்டாவது வழி, வெயிலையே பயன்படுத்திக்கொள்ளும் ஈஸ்ட்டைத் தேர்வது. மேற்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறைகளாகக் காக்கப்பட்ட குவைக் வகை ஈஸ்ட், அதிலும் குறிப்பாக வோஸ் வகை, 35 முதல் 40 பாகையில் மகிழ்ச்சியாக வேலை செய்கிறது; சில நாட்களிலேயே முடித்தும்விடுகிறது; ஆரஞ்சுத் தோலை நினைவூட்டும் மணத்தையும் தருகிறது. குளிர்நாட்டில் பிறந்த ஈஸ்ட் நம் தகரக் கூரை வீட்டுக்கு இத்தனை பொருத்தமாக அமைந்தது எனக்கு இன்றும் வியப்பு. இலேசான சாற்றில் அதற்குச் சத்துக் குறையும் என்பதால் ஈஸ்ட் ஊட்டம் ஒரு சிட்டிகை சேர்க்க வேண்டும். ஆனால் அந்த ஆரஞ்சு மணம் வேண்டாம் என்பவருக்கு இது ஆகாது. மாமாவுக்கு ஆகவில்லை, "ஸ்டவுட்ல எதுக்கு ஆரஞ்சு?" என்ற கேள்விக்கு நியாயமான பதில் இல்லை.

தண்ணீரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். குளோரினை மட்டும் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்துக்கடை வாடை வரும். பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் ஒரு சிறு சிட்டிகை போதும். கசப்பைக் கூர்மையாக்க ஜிப்சமும், மால்ட்டின் உருண்டையான சுவையை முன்னிறுத்தக் கால்சியம் குளோரைடும் பத்து லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் அளவில் உதவும்.

இரண்டு நாக்குகள், இரண்டு செய்முறைகள்

மாமாவுக்கான பத்து லிட்டர்: இளநிற மால்ட் 1.9 கிலோ, ஓட்ஸ் 250 கிராம், கிரிஸ்டல் மால்ட் 150 கிராம், வறுத்த பார்லி 80 கிராம், சாக்லெட் மால்ட் (கரும்பழுப்பாக வறுத்த மால்ட்) 100 கிராம். வழக்கமான ஸ்டவுட்டில் கருந்தானியம் பத்து விழுக்காடு வரை போகும். கோப்பைச் சோதனையில் கண்டபடி இங்கே அது ஏழு விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது, வறுத்த பார்லியோ வழக்கத்தில் பாதி. 68 பாகையில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, 10 விழுக்காட்டு ஹாப்ஸ் 12 கிராமைக் கொதி தொடங்கும்போதே போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். ஆவியாகும் நீருக்கு ஏற்ப முதலிலேயே மூன்று லிட்டர் கூட்டி ஊற்றுவது அவசியம். தொடக்க அடர்த்தி 1.052, கசப்பு 27, விகிதம் 0.52. குளிர்பெட்டியில் 20 பாகையில் மணம் அடங்கிய ஏல் ஈஸ்ட், 1.015க்கு அருகில் நிற்கும்போது மதுச்சாரம் 5 விழுக்காட்டை நெருங்கும். அவர் ஐஸ் போடுவதில்லை; போடுபவராக இருந்தால் எல்லாவற்றையும் கால் பங்கு கூட்டியிருப்பேன்.

அத்தை பீரே குடிப்பதில்லை. கசப்பு ஆகாது, புளிப்பும் வாசனையும் பிடிக்கும். அவருக்காக இளநிற மால்ட் 1.1 கிலோ, கோதுமை மால்ட் 1 கிலோ. 65 பாகையில் ஊறல். ஹாப்ஸ் 5 கிராம் மட்டும். தொடக்க அடர்த்தி 1.044, கசப்பு 12. கொதியின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒன்றிரண்டாக இடித்த கொத்தமல்லி விதை 8 கிராமும், பத்துப் பன்னிரண்டு லீமாவ் கஸ்தூரியின் (சிறிய எலுமிச்சை வகை) பச்சைத் தோலும். தோலின் உள்ளே இருக்கும் வெண்பகுதியை ஒட்டாமல் சீவி எடுக்க வேண்டும், இல்லையேல் ஹாப்ஸில் தவிர்த்த கசப்பு தோலின் வழியே வந்துவிடும். இதற்கு வோஸ் ஈஸ்ட்தான் சரி. ஆரஞ்சு மணம் இங்கே குறையன்று, தேவையே. குளிர்பெட்டியும் வேண்டாம், கூடத்தின் மூலையே போதும். கொத்தமல்லியின் அளவைக் கண்மூடித்தனமாகக் கூட்டாதீர்கள். ரசத்தின் சாயல் வந்துவிட்டால் மீள வழியில்லை.

கருவிகளைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்வது எல்லாச் செய்முறைகளுக்கும் பொது. ஆறிய சாற்றைத் தொடும் எதுவும் கிருமிநீக்கம் செய்யப்படாமல் இருக்கக் கூடாது. முஸ்லிம் நண்பர்கள் வந்து சாப்பிடும் வீடாக இருந்தால், பானை, கரண்டி, வாளி அனைத்தையும் தனியாகவே வைத்துக்கொள்வது நாகரிகம்.

போத்தலில் அடைத்தலும் திருத்தலும்

இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு ஹைட்ரோமீட்டர் அளவுகளும் மாறாதிருந்தால் மட்டுமே அடைக்க வேண்டும். நொதித்து முடியாத பீரை நம் வெப்பத்தில் அடைத்தால் போத்தல் வெடிக்கும். அத்தையின் பீருக்கு லிட்டருக்கு 7 கிராம் சர்க்கரையும், மாமாவின் பீருக்கு 5 கிராமும் சேர்த்து, ஒரு பிளாஸ்டிக் போத்தலையும் கூடவே அடைத்து வையுங்கள். அதை அழுத்திப் பார்த்தே வாயு ஏறிவிட்டதா என்று அறியலாம். அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் தயாராகிவிடும். அதன் பிறகு குளிர்பெட்டிக்குள் போய்விட வேண்டும். வெளியே கிடந்தால் ஈர அட்டையின் சுவை ஏறும்.

முதல் காய்ச்சலிலேயே ஒருவரின் நாவைத் தொட்டுவிடலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். குடித்தவர் சொல்வதை அப்படியே எழுதிவைத்து, குவளையிலேயே திருத்திப் பாருங்கள். கனம் போதாது என்றால் லாக்டோஸ் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கொடுங்கள். வறுத்த வாசனை போதாது என்றால் சர்க்கரையில்லாத கோப்பி-ஓ கொசோங் ஒரு தேக்கரண்டி. கசப்பு மிகுந்தால் இன்னொரு இலேசான பீரைக் கலந்து பாருங்கள். எத்தனை துளியில் அவர் முகம் மலர்கிறது என்பதைப் பத்து லிட்டருக்குப் பெருக்கினால் அடுத்த காய்ச்சலின் திருத்தம் கிடைத்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மால்ட்டையும் ஈஸ்ட்டையும் ஒருசேர மாற்றினால் எது பலித்தது, எது கெடுத்தது என்று பிரித்தறிய இயலாது. மாமாவின் இரண்டாவது காய்ச்சலில் ஊறல் வெப்பம் மட்டும் 68இலிருந்து 67க்கு இறங்கியது. ஏனென்றால் இரண்டாவது குவளையைப் பாதியில் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா வயிறு நிறைஞ்சிடுது" என்றார்.